ஆட்டுக் கடன்

நாலு ஆடு, ஒரு கிடா. படிவத்தில் அப்படித்தான் இருந்தது. வாசலில் கட்டியிருந்ததும் நாலு ஆடு, ஒரு கிடாதான். எண்ணிக்கையில் குறையில்லை. ஆனால் அந்த அக்கா வேப்பங்குழையை நீட்டி நீட்டிக் கூப்பிட்டும் ஒன்றுகூட அவர் பக்கம் திரும்பவில்லை. ஐந்தும் கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன. கயிற்றை இழுத்த இழுப்பில் ஒரு ஆட்டுக்குக் கழுத்து ரோமம் உரிந்து தோல் சிவந்திருந்தது. குனிந்து காதுகளைப் பார்த்தேன். கடன் ஆடுகளுக்குக் காப்பீட்டுக்காகப் போடுகிற மஞ்சள் வில்லை எதிலும் இல்லை.

இது 2011-இல். புதுக்கோட்டை மாவட்டத்தில், ஆலங்குடியிலிருந்து கீரமங்கலம் போகிற பக்கத்தில் ஒரு ஊர். அப்போது நான் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளன். ஐரோப்பாவிலிருந்து பணம் வந்தது. அதிலிருந்து மகளிர் குழுக்களுக்கு ஆடு, கறவை மாடு, தையல் மிஷின் என்று கடன் கொடுத்தோம். அக்கா ஆட்டுக்கென்று 15,000 ரூபாய் வாங்கியிருந்தார். ஆடு நிஜமாகவே இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது என் வேலை.

அக்கா ரொம்ப நேரம் மறைக்கவில்லை. நான் நிமிர்ந்ததும் குழையைக் கீழே போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். "ஆடு வாங்கலை தம்பி. பெரியவன் சிங்கப்பூரு போறான்ல, அந்தக் காசோட சேத்துக் கட்டிட்டேன். தவணை தவறாமக் கட்டிருவேன். ஆட்ட வித்துக் கட்டுனா என்ன, அவன் அனுப்பிக் கட்டுனா என்ன?" என்றார். எனக்கு அப்போது 25 வயது. கொடுத்த வேலையைச் சுத்தமாகச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் மட்டும்தான் இருந்தது. படிவத்தின் கடைசியில், "கடன் தொகை நோக்கத்துக்கு மாறாகப் பயன்படுத்தப்பட்டுள்ளது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வண்டியைக் கிளப்பும்போது திரும்பிப் பார்த்தேன். அவிழ்த்துவிட்ட ஆடுகள் ஐந்தும் வேலிச் சந்து வழியாகத் தங்கள் வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

அந்த வரியால் என்ன ஆனது என்பது பிறகுதான் தெரிந்தது. அப்படிக் குறிப்பு விழுந்த உறுப்பினருக்கு இரண்டு வருடம் அடுத்த கடன் கிடையாது என்பது விதி. குழுவில் ஒரு ரூபாய் வட்டிக்கு அடுத்து வர வேண்டிய 40,000 ரூபாயை நம்பித்தான் அக்கா கணக்குப் போட்டு வைத்திருந்தார். அது வராமல் போனதால் அதையும் வெளியே மூன்று ரூபாய் வட்டிக்கு வாங்கினார். மாதம் 800 ரூபாய் கூடுதல் வட்டி. என் ஒரு வரியின் விலை அது. அந்த வேலையை விட்டு வருடங்கள் ஆகிவிட்டன. எழுதிய எத்தனையோ அறிக்கைகள் மறந்துவிட்டன. இந்த வரி மட்டும் இன்னும் விட்டபாடில்லை.

போகாமல் இருக்க ஆடு

எங்கள் திட்ட அறிக்கையில் இருந்த இலக்குகளில் ஒன்று, வேலைக்காக ஊரைவிட்டு வெளியேறுவதைக் குறைப்பது. எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெற்றவர்களைப் பிரிந்து பிள்ளைகள் போகிறார்கள், ஏஜென்ட்டிடம் ஏமாறுகிறார்கள், உள்ளூரிலேயே பிழைக்க ஒரு வழி இருந்தால் போக மாட்டார்கள் என்று நினைத்தார்கள். நானும் அதை நம்பினேன். கூட்டங்களில் அதைச் சொல்லிப் பேசியிருக்கிறேன்.

ஆனால் அந்த ஊரின் நிலத்தைப் பார்த்தவர்களுக்கு ஆட்டுக் கணக்கு எவ்வளவு இடிக்கிறது என்று தெரியும். ஒரு காலத்தில் ஆடு மாடு மேய்ந்த பொட்டலும் முந்திரிக் காடும் தைலமரத் தோப்புகளாகிவிட்டன. தைலமரத்தடியில் புல் தேடிப்போகிற ஆடு வெறும் வயிற்றோடுதான் திரும்பும். கிணறு வற்றி, போர் போட்டு, அந்தப் போரும் வருடா வருடம் ஆழம் கூடிக்கொண்டிருந்தது. நாலு ஆடு நன்றாகப் பெருகினால் வருடத்துக்கு இருபது, இருபத்தைந்தாயிரம் கிடைக்கும். ஆட்டுக்கொல்லி நோய் வந்தால் ஒரே வாரத்தில் தொழுவம் காலி. அந்த வருட வருமானம் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிற ஒருவர் சாப்பாட்டுச் செலவு போக ஒரு மாதத்தில் அனுப்புகிற பணம். இதை அக்கா எங்களுக்கு முன்பே கணக்குப் போட்டுவிட்டார். எங்களிடம் அறிக்கை இருந்தது, அவரிடம் இந்தக் கணக்கு இருந்தது.

எங்கள் சின்னத் திட்டத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் இவ்வளவு யோசித்திருக்க மாட்டேன். 2015 நவம்பரில் மால்டாவின் வலேட்டா நகரத்தில் ஐரோப்பிய, ஆப்பிரிக்கத் தலைவர்கள் கூடினார்கள். புலம்பெயர்வின் மூலகாரணங்களைச் சரிசெய்ய என்று ஆப்பிரிக்காவுக்கு ஒரு அவசர நிதியம் தொடங்கினார்கள். கடைசியில் அது சுமார் 500 கோடி யூரோவாக வளர்ந்தது. செய்தியைப் படித்தபோது எங்கள் அறிக்கையின் அந்த ஒரு வரியைப் பல மடங்கு பெரிதாக்கி எழுதியதுபோல இருந்தது. வளர்ச்சிக்கு உதவி செய்கிறோம், அதனால் நீங்கள் எங்கள் ஊருக்கு வராதீர்கள் என்பதுதான் அதன் அடியில் இருக்கிற பேச்சு. உதவி வாங்குகிறவர் அந்தப் பணத்தை வைத்துக் கிளம்பிவிடுவார் என்ற சாத்தியத்தை அங்கேயும் யாரோ ஒரு களப்பணியாளர் 'நோக்கத்துக்கு மாறாக' என்று எழுதியிருப்பார்.

அதே வீடு, இன்னொரு படிவம்

2014-இல் திட்டம் முடிந்தது. முடியும்போது ஒரு கடைசிக் கணக்கெடுப்பு வைப்பார்கள். தொடக்கத்தில் பார்த்த அதே வீடுகளுக்குப் போய், என்ன மாறியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். என் பட்டியலில் அக்காவின் வீடும் இருந்தது. மூன்று வருடத்தில் அந்த வீட்டுப் படி ஏறவே எனக்குக் கூச்சமாக இருந்தது. வேறு யாரையாவது அனுப்பலாமா என்றுகூடக் கேட்டேன். ஆள் இல்லை என்றார்கள். சரி என்று போனேன்.

ஓலைக் கூரை இருந்த இடத்தில் கான்கிரீட் வீடு. மேலே மாடி எடுக்கலாம் என்று கம்பிகளை வெட்டாமல் விட்டிருந்தார்கள். அவற்றின் நுனியில் துரு பிடித்திருந்தது. பின்பக்கம் கழிப்பறை. கிரைண்டர், மிக்ஸி, ஸ்டேண்டில் டிவி. சின்னவன் பாலிடெக்னிக்கில் சேர்ந்திருந்தான். அக்கா பழசு எதையும் சொல்லிக்காட்டவில்லை. "வாங்க தம்பி, வெயில்ல வந்துருக்கீங்க" என்று மோர் கொடுத்தார். நான் படிவத்தைத் தொடையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குறித்தேன். கூரை: ஓலை, ஓடு, கான்கிரீட். கான்கிரீட்டில் ஒரு டிக். கழிப்பறை: உண்டு. மின்சாதனங்கள்: மூன்று. பத்தாவதுக்கு மேல் படிக்கும் பிள்ளை: உண்டு. ஒவ்வொரு டிக்குக்கும் மதிப்பெண் உண்டு. கூட்டிப் பார்த்தபோது அந்தத் தொகுதியிலேயே அதிகமாக உயர்ந்த வீடுகளில் ஒன்றாக வந்தது. 'திட்டத்தால் முன்னேறிய குடும்பங்கள்' என்ற தலைப்பின் கீழ் அது அறிக்கைக்குப் போகப்போகிறது என்று எனக்குத் தெரியும். 2011-இல் முறைகேடு என்று நான் எழுதிய அதே 15,000 ரூபாய், அதே வீடு, அதே கையெழுத்து.

படிவத்தை மடிக்கும்போது அக்கா கேட்டார்: "எல்லாம் கேட்டீங்க. மொதல்ல ஒன்றரை வருசம் அவன் சம்பாதிச்சது எங்க போச்சுன்னு கேக்கவே இல்லியே தம்பி?"

நான் மறுபடி உட்கார்ந்தேன். அக்கா உள்ளே போய் ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தார். அதில் நகை அடகு ரசீதுகள், குழுப் பாஸ்புக், ஒரு பழைய பள்ளி நோட்டு. கணக்கு இப்படி இருந்தது. சென்னையில் ஸ்கில் டெஸ்ட் பயிற்சி, தங்குகிற செலவு, ஏஜென்ட் காசு, டிக்கெட் எல்லாம் சேர்த்து 2,30,000 ரூபாய். அதில் குழுவில் வாங்கிய ஆட்டுக் கடன் 15,000. கூட்டுறவு வங்கியில் தாலிக்கொடி முதல் தோடு வரை வைத்து 70,000. தம்பி கொடுத்தது 25,000. மீதி 1,20,000 மூன்று ரூபாய் வட்டிக்கு. அதற்கு மட்டும் மாத வட்டி 3,600. பையனுக்கு அடிப்படைச் சம்பளம் நாளைக்கு 18 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். ஓவர்டைம் பார்த்தால் மாதம் 700 வெள்ளிவரை வரும். சாப்பாட்டுக்கும் போனுக்கும் 200 போக மீதியை அனுப்பினான். வந்த பணம் அப்படியே வட்டிக்கும் அசலுக்கும் போனது. ஒரு வருடத்தில் அங்கே வேலை செய்வதற்கான பெர்மிட் முடிந்தது. புதுப்பிக்க 1,500 வெள்ளி கேட்டார்கள். கொடுக்காவிட்டால் டிக்கெட் போட்டு அனுப்பிவிடுவார்கள், கடன் பாதியில் நிற்கும். அதையும் கொடுத்தார்கள். பதினெட்டாவது மாதம்தான் வீட்டுக்கென்று முதல் ரூபாய் வந்தது. அந்த நோட்டில் அந்த மாதத்துக்கு எதிரே எதுவும் எழுதவில்லை. பிள்ளையார் சுழி மட்டும் போட்டிருந்தார்.

"அவன் போய் இறங்குனதும் சம்பாதிக்கிறான்னு ஊரே சொல்லுச்சு. நான் வாயத் தொறக்கல. கடன்காரின்னு சொன்னா சின்னவனுக்குப் பொண்ணு குடுப்பாங்களா?" என்றார். அப்புறம் நோட்டை மூடிப் பையில் வைத்தார்.

என் படிவத்தில் அதை எழுத இடம் இருக்கிறதா என்று நிஜமாகவே தேடினேன். 'கடன்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஆனால் அது இன்றைக்கு நிலுவையில் இருப்பதைக் கேட்டது. இன்றைக்கு நிலுவை இல்லை. ஒன்றரை வருடம் ஒரு 22 வயதுப் பையன் வெயிலில் கம்பி கட்டிச் சம்பாதித்தது ஏஜென்ட்டுக்கும் வட்டிக்காரருக்கும் பெர்மிட்டுக்கும் போனது அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுவது

அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும் எனக்கு அந்த நோட்டு ஞாபகம் வரும். 2023-இல் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர்கள் ஏழை, நடுத்தர நாடுகளில் இருக்கிற தங்கள் வீடுகளுக்கு அனுப்பிய பணம் 65,000 கோடி டாலருக்கு மேல் என்கிறது உலக வங்கி. பணக்கார நாடுகள் அதே வருடம் கொடுத்த வளர்ச்சி உதவி சுமார் 22,000 கோடி டாலர். அதாவது கொத்தனாரும் வீட்டு வேலை செய்கிற அம்மாவும் லாரி ஓட்டுநரும் சேர்ந்து, அரசுகள் கொடுப்பதைப்போல கிட்டத்தட்ட மூன்று மடங்கு அனுப்புகிறார்கள். இந்தியாவுக்கு மட்டும் சுமார் 12,000 கோடி டாலர். உலகத்திலேயே அதிகம். தமிழ்நாட்டைப் பற்றி 2015-இல் திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையம் எடுத்த கணக்கில் 22 லட்சம் பேர் வெளிநாட்டில் இருந்தார்கள். அதிகம் பேர் இருந்த நாடு சிங்கப்பூர்.

இந்த எண்களைச் சொல்லும்போது 'வளர்ச்சிக்கான நிதி' என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் உடன்பாடு இல்லை. அது கூலி. ஒருவர் தன் உடம்பை வைத்துச் சம்பாதித்து, தன் வீட்டுக்கு அனுப்புகிற கூலி. அதற்குள் கடன் தவணை இருக்கிறது, வட்டி இருக்கிறது. அக்காவின் மகன் முதல் பதினெட்டு மாதம் அனுப்பிய பணமும் இந்தியாவுக்கு வந்த டாலர் கணக்கில்தான் சேர்ந்திருக்கும். வந்தது மட்டும் எண்ணப்படுகிறது. போவதற்கு முன் அந்த வீட்டிலிருந்து போனது யார் கணக்கிலும் இல்லை.

கணக்கில் வரவே இல்லை என்று சொல்வதும் சரியில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் நீடித்த வளர்ச்சி இலக்குகளில் இரண்டும் இருக்கின்றன. பணம் அனுப்புகிற கட்டணத்தை 2030-க்குள் 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஒன்று. வேலை கிடைப்பதற்காகத் தொழிலாளி கொடுக்கிற பணம் அவருடைய எத்தனை மாதச் சம்பளம் என்று அளக்க வேண்டும் என்று இன்னொன்று. முதலாவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், செயலிகள் வந்துவிட்டன, விளம்பரம் வருகிறது. இரண்டாவதை அளந்து பார்த்த நாடுகள் குறைவு. வங்கதேசம் 2020-இல் அளந்தது. சராசரியாக 17.6 மாதச் சம்பளம் என்று வந்தது. அந்த எண்ணைப் படித்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன். பதினேழரை மாதம். அக்காவின் நோட்டில் பதினெட்டு.

2016-இல் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குச் சிங்கப்பூர் போனபோது, லிட்டில் இந்தியா என்கிற தேக்காவில் அக்காவின் பெரிய பையனைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை. புல்தரையில் குழுக்குழுவாக உட்கார்ந்து ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தார்கள். பணம் அனுப்புகிற கடை வாசலில் வரிசை. அவன் பேச்சில் ஒரு கசப்பும் இல்லை. சம்பளச் சீட்டைக் கைப்பேசியில் எடுத்துக் காட்டிவிட்டு, "எனக்குக் குடுக்குற பேசிக்கவிட எனக்காக கவர்மெண்டுக்குக் கட்டுற லெவி ஜாஸ்திண்ணே" என்றான். விசாரித்தால் பொய்யில்லை. இன்றைக்கும் கட்டுமானத் துறையில் பெர்மிட்டில் இருக்கிற ஒரு இந்தியத் தொழிலாளிக்காக முதலாளி அந்த அரசுக்கு மாதம் 500 வெள்ளி கட்டுகிறார். அடிப்படைத் திறன் நிலையில் இருப்பவர் என்றால் 900 வெள்ளி. அவருடைய உழைப்பில் வரிபோல அரசுக்கு ஒரு பங்கு, முதலாளிக்கு ஒரு பங்கு, இரண்டு ஊர் ஏஜென்ட்டுக்கும் ஒரு பங்கு. மீந்ததுதான் கம்பி நீட்டிக்கொண்டிருக்கிற அந்த வீடு.

நம் பக்கத்துச் சட்டம் என்ன செய்கிறது என்று கேட்கலாம். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அக்கா கட்டியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தாவது முடிக்காதவர்கள் வளைகுடா, மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. சிங்கப்பூரிலும் ஏஜென்ட் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். ஆனால் அது அந்த ஊர் ஏஜென்ட் அங்கே வாங்குகிற பணத்துக்கு. ஆலங்குடி டீக்கடையில் கைமாறுகிற ரொக்கத்துக்கு அங்கேயும் சட்டம் எட்டாது, இங்கேயும் ரசீது கிடையாது. நேபாளம் 2015-இல் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் போகிறவர்களின் விசா, டிக்கெட் செலவு முதலாளியுடையது என்று விதி போட்டது. அதற்குப் பிறகும் அங்கிருந்து போகிறவர்கள் கையிலிருந்து பணம் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனாலும் அந்த விதி சரியான விதி. வேலை யாருக்குத் தேவையோ அவர் செலவு செய்யட்டும் என்று சொல்லும் துணிவாவது அதில் இருக்கிறது.

நம் ஊருக்கு இது பழைய கதை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாயா ரப்பர் தோட்டத்துக்கும் கங்காணி ஆள் கூட்டிப்போனபோதும் முன்பணம் என்ற பெயரில் கடன்தான் முதலில் ஏறியது. இலங்கையில் ஒரு தொழிலாளி தோட்டம் மாறினால் அவருடைய கடனை எழுதிய 'துண்டு' அவரோடு சேர்ந்து கைமாறும். 1921-இல் சட்டம் போட்டுத்தான் அதை நிறுத்தினார்கள். கடனைக் காட்டி ஆளை நிறுத்திவைக்கிற வேலை மட்டும் நிற்கவில்லை.

புயலுக்குப் பிறகு

இவ்வளவு சொன்னதால் போகவே கூடாது என்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தது. பேராவூரணி, பட்டுக்கோட்டை, கீரமங்கலம் பக்கம் முப்பது வருடத் தென்னைகள் தீக்குச்சி மாதிரி விழுந்து கிடந்தன. பல நாள் கரண்ட் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது அக்காவின் வீடு நின்றுகொண்டிருந்தது. அக்கம்பக்கத்து நாலு குடும்பம் அதற்குள் படுத்து எழுந்தது. ஆடு கொடுத்து உதவிய அந்த அடுத்த வீட்டுக்காரர்களும் அங்கேதான் இருந்தார்கள். பையனும் அவனோடு தங்கியிருந்த ஊர்க்காரர்களும் சேர்ந்து பணம் போட்டு ஜெனரேட்டருக்கும் அரிசிக்கும் அனுப்பியிருந்தார்கள். அரசு நிவாரணம் வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது. எங்கள் திட்டம் மூன்று வருடம் பயிற்சி கொடுத்து உருவாக்கப் பார்த்த 'பேரிடர் தாங்கும் திறன்' என்ற சொல்லுக்கு அன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. அது அந்தக் கான்கிரீட் கூரை. அது அந்தப் பையன்.

விழுந்த தோப்புகளை வெட்டி எடுக்க உள்ளூரில் ஆள் போதவில்லை. இப்போது டெல்டாவில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த குழுக்கள் கயிறு பிடித்து நடவு நடுவதைப் பார்க்கலாம். அவர்களும் மாதக் கடைசியில் ஊருக்குப் பணம் போடுகிறார்கள். அவர்கள் ஊரிலும் யாரோ ஒருவர் படிவத்தோடு போய்க் கூரை என்னவென்று குறித்துக்கொண்டிருப்பார்.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். முடி முழுக்க நரைத்துவிட்டது. பெரியவன் திரும்பி வந்து கீரமங்கலத்தில் கம்பி, சிமெண்ட் கடை வைத்திருக்கிறான். கேள்வி சின்னவனைப் பற்றியது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, கம்பெனி கம்பெனியாக ஒப்பந்த வேலை பார்த்து, கடைசியாகப் பார்த்த இடத்தில் பிடித்தம் போக 16,000 ரூபாய். அவனும் கிளம்புகிறான். படித்தால் போக மாட்டான் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். மைக்கேல் கிளெமென்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர் பல வருடங்களாக ஒன்றைச் சொல்லிவருகிறார்: ஏழை நாடு கொஞ்சம் வசதி அடைய அடைய வெளியே போகிறவர்கள் குறைய மாட்டார்கள், கூடத்தான் செய்வார்கள். நடுத்தர வருமானத்தைத் தாண்டிய பிறகுதான் குறையத் தொடங்கும். கையில் காசும் படிப்பும் வரும்போதுதான் போகவே வழி பிறக்கிறது. அக்கா வீட்டுத் திண்ணையில் அது உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தது, ஒரு பிளாஸ்டிக் உறையில் டிப்ளமோ சான்றிதழும் பாஸ்போர்ட்டும் வைத்துக்கொண்டு.

ஏஜென்ட் இந்தத் தடவை நாலரை லட்சம் கேட்கிறாராம். பெரியவன் பாதி தருகிறான். மீதிக்குக் கொஞ்சம் குழுவில் கேட்கலாம் என்று அக்கா விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார். "நீங்க எழுதுனா நல்லாருக்கும் தம்பி" என்று என்னிடம் நீட்டினார். வங்கதேசத்தில் வெளிநாடு போகிறவர்களுக்குக் கடன் கொடுக்கவே அரசு ஒரு வங்கி நடத்துகிறது என்று சொன்னேன். பிரவாசி கல்யாண் வங்கி என்று பெயர். அக்கா ஆர்வமாகக் கேட்டார். "இங்கயும் அப்புடி ஏஜென்ட்டுக்குன்னே சொல்லிக் கேட்டா குடுப்பாங்களா?" என்றார். அப்படிக் கொடுத்தாலும் அது ஏஜென்ட் பைக்குத்தானே போகும் என்று சொல்ல வாய் வந்தது. சின்னவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

பெயர், குழுவின் பெயர், ஆதார் எண், தொகை எல்லாம் எழுதினேன். 'கடனின் நோக்கம்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஆடுன்னே எழுதுங்க தம்பி. எனக்கும் பழக்கம், அவங்களுக்கும் பழக்கம்."

'ஆடு வளர்ப்பு' என்று எழுதினேன். எண்ணிக்கை கேட்டிருந்த இடத்தில், நாலு ஆடு, ஒரு கிடா.